ஏழாம் அட்டைக்கு ஆரணியில் கிடைத்த விடைகள்

1

இந்தக் கதையை நான் ஓர் அடிக்குறிப்பிலிருந்து எடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 'மனிதரும் சமூகமும் பண்பாடும்: ஆரணி நெசவாளர் பற்றிய ஒரு பல்துறை ஆய்வு' என்று தட்டச்சில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஓர் அறிக்கை எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, மின்விசிறி ஓடாத பக்கத்தில். அதை முழுதாகப் படித்தவர்கள் மூன்று பேர் என்பது என் கணிப்பு. ஒருவர் அதைத் தட்டச்சு செய்தவர், இன்னொருவர் பிழை திருத்தியவர். மூன்றாவது ஆள் நான், அதுவும் மழைக்கு ஒதுங்கிய அன்று. இருநூற்று நாற்பதாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: 'ஏழாம் அட்டைக்கு ஆரணியில் பெறப்பட்ட விடைகள் இத்தொகுப்பில் சேர்க்கப்படவில்லை.'

ஏன் என்று போடவில்லை. காரணம் சொல்வதற்காகத்தான் அடிக்குறிப்பு போடுவார்கள். இங்கே ஒருவர் காரணத்தை விழுங்குவதற்காகப் போட்டிருக்கிறார். மழை விட்ட பிறகும் நான் எழுந்து போகவில்லை. அப்புறம் பல மாதம் அங்கே இங்கே விசாரித்தேன். கிடைத்ததை வைத்து எழுதுகிறேன். கிடைக்காத இடத்தில் என்ன செய்தேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'கமண்டல நாகநதிக் கரையில், தறியோசை கேட்டுக் கண்விழிக்கும் ஆரணி நகரத்துக்கு, 1979ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஓர் இளைஞன்'

(நிறுத்திவிட்டேன். ஆற்றில் அப்போது மணல்தான் இருந்தது. தறியோசை கேட்டு யாரும் கண்விழிப்பதில்லை, முதலில் யாராவது கண்விழித்துத் தறியில் உட்கார்ந்தால்தான் ஓசையே வரும்.)

இரண்டாம் முயற்சி:

'ஜெகநாதனுக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை.'

(ஜெகநாதன் உளவியல் எம்.ஏ. மனசு சரியில்லை என்று அவரைப் பற்றித் தொடங்கினால் கிண்டல் போல இருக்கிறது. ஆனால் உண்மையில் மனசு சரியில்லைதான், அதற்கு நான் என்ன செய்ய.)

மூன்றாம் முயற்சியில் தகவலை மட்டும் வைக்கிறேன். ஜெகநாதன், வயது இருபத்தாறு, ஊர் கலசப்பாக்கம் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர். வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர் இவர். ஆய்வுத் திட்டத்தில் தற்காலிகக் கள ஆய்வாளர். ஆரணி வேலையை ஒழுங்காக முடித்தால் துறையில் நிரந்தரம் என்று பேராசிரியர் வாயால் சொல்லியிருந்தார். எழுத்தில் இல்லை. ஜெகநாதன் அந்த வாய்ச்சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

3

பல்துறை ஆய்வு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பொருளியல், சமூகவியல், மொழியியல், உளவியல் என்று நான்கு துறைகளிலிருந்து நான்கு பேர் வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் ஒரே அறையில் தங்கி, ஒரே வீட்டுக்கு நான்கு தடவை போவது.

அந்த வீடு தருமன் வீடு. தருமன் பட்டு நெசவாளர், மனைவி காசியம்மாள், மகள் பாஞ்சாலை. பொருளியல்காரர் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், மூன்று பேர் என்று எழுதிக்கொண்டு போனார். மறுநாள் சமூகவியல்காரர் கேட்டபோது காசியம்மாள் ஐந்து என்றாள். செய்யாறில் கட்டிக்கொடுத்த மூத்த மகளும் மருமகனும் அவளுக்கு வீட்டு ஆள்தான். மொழியியல்காரருக்கு நான்கு கிடைத்தது. அவர் கேட்ட நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள், அவளை விட்டுவிட்டு எண்ணுவது மரியாதையில்லை. அறிக்கையில் மூன்று எண்களும் மூன்று அத்தியாயங்களில் பத்திரமாக இருக்கின்றன.

தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. பட்டுத் தறி வைத்திருப்பவர் வீட்டுக்கு விருந்தாளி போகக்கூடாத காலம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். பல்கலைக்கழகத்துக்கு அந்த மாதம்தான் ஜீப் கிடைத்தது.

நான்காவதாகப் போனவர் ஜெகநாதன். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பத்து அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மைக்கறை. வெளிநாட்டிலிருந்து, பதினொரு வருடத்துக்கு முன்னால், எட்டு மாதம் காத்திருந்து பேராசிரியர் வரவழைத்தவை. கறையைக் காட்டி 'இது என்ன போலத் தெரிகிறது' என்று கேட்க வேண்டும். வௌவால் என்பார்கள், இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள் என்பார்கள். அதிலிருந்து அவர்கள் மனம் தெரியும் என்பது ஏற்பாடு. சோதனைக்கு முன்னால் அந்தப் படத்தை யாரும் பார்த்திருக்கக்கூடாது. பேராசிரியர் பெட்டியைக் கொடுக்கும்போது சொன்னாராம்: "ஒருத்தன் முன்னாடியே பார்த்துட்டான்னா அவன் நமக்குச் செத்தவன் மாதிரி."

4

தருமன் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜெகநாதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல் அட்டையை நீட்டினார்.

"இதப் பாத்தா உங்களுக்கு இன்னா தோணுதுங்க? சரி, தப்புன்னு ஒண்ணும் இல்ல. தோணுறதச் சொல்லுங்க."

தருமன் குறுக்கிழை ஓட்டும் நாடாவை நிறுத்தினார். அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். விரலால் சுண்டிப் பார்த்தார்.

"எத்தினி கொக்கி?"

இந்த இடத்தில் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று தொங்கும். அதில் கெட்டி அட்டைகளைக் கோத்து மாலையாக விட்டிருப்பார்கள். அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி அந்த இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. புடவையில் மயில் வருவதும் மாங்காய் வருவதும் அப்படித்தான். ஒருவர் பத்துக் கெட்டி அட்டையை, பின்னால் எண் போட்டு, வரிசையாக அடுக்கி நெசவாளர் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது என்னவென்று அவர்கள் கேட்கமாட்டார்கள். எத்தனை கொக்கி என்றுதான் கேட்பார்கள்.

விடைகளைப் பகுக்கும் கையேட்டில் 'எத்தனை கொக்கி' என்பதற்கு இடமில்லை. ஜெகநாதன் 'தெளிவற்றது' என்று எழுதினார். இரண்டாம் அட்டைக்கு, "முந்தியில போட்டா எடுக்கும், உடம்புல போட்டா எடுக்காது." மூன்றாவதுக்கு, "இத எவன் போட்டான்? எடம் வலம் ஒண்ணா இல்லியே." நிறம் உள்ள அட்டைகளைக் காசியம்மாள் எட்டிப் பார்த்து, சாயம் ஓடியிருக்கிறது, கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்திரண்டிலும் இதே கதை. ஒருவருக்கும் வௌவால் தெரியவில்லை.

கடைசி வீடு முடிந்த மாலை ஜெகநாதன் லாட்ஜில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினார். ஒரு தெருவுக்கே மனம் இல்லை என்று எழுத வேண்டும் போலிருந்தது.

5

இனி ஏழாம் அட்டை. இங்கேதான் எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது.

பாஞ்சாலைக்கு இருபத்து மூன்று வயது. தறியில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து புடவைக் கரைக்கு இழை கொடுப்பவள். அப்பா எழுந்திருக்கும்போதுதான் அவளும் எழுந்திருக்கலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் டிசைன் போடுகிறவர் காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டார், தை முகூர்த்தப் புடவைகளுக்கு யார் வேண்டுமானாலும் கிராஃப் தாளில் டிசைன் எழுதிக் கொண்டுவரலாம், எடுபட்டால் அந்த நாற்காலி அவருக்கே என்று செயலாளர் சொல்லியிருந்தார். பெண்கள் கொடுக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "குடுக்கறதுன்னா குடுக்கட்டும்" என்றாராம். பாஞ்சாலை மூன்று மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தாள். கடைசித் தேதி அடுத்த புதன்கிழமை.

தெருவை முடித்துவிட்டு மறுபடி வந்து ஏழாம் அட்டையை அவள் முன்னால் வைத்தபோது அவள் பேசவில்லை. கையேட்டின்படி ஆய்வாளர் நேரம் பார்க்க வேண்டும். நான்கு நிமிடம்.

"இத ரெண்டு நாளைக்கி வெச்சினு தரட்டுங்களா, சார்?"

அட்டை ஆய்வாளர் கையை விட்டுப் போகக்கூடாது என்பது கையேட்டின் முதல் விதி. ஆனால் கடைசித் தேதிக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், புதன்கிழமை, அவர் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பியபோது பெட்டியில் ஒன்பதுதான் இருந்தன. எப்படி?

அ) மறந்துவிட்டார். துறை கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்கலாம்.
ஆ) அவள் எடுத்துவிட்டாள். முதல் படியில் இப்படித்தான் எழுதினேன், அடித்துவிட்டேன். பாஞ்சாலைக்குத் தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டாள்.
இ) கொடுத்தார்.

நான் 'இ'யைத்தான் நம்புகிறேன். விதியை மீறுகிற ஆளில்லை அவர், சாலையில் ஆள் இல்லாவிட்டாலும் இடப்பக்கமாக நடக்கிறவர். ஆனால் அந்தத் தெருவில் ஒரு படத்தை நான்கு நிமிடம் வாய் மூடிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கிய மனிதருக்கு அது போதும்.*

* காதலா என்று கேட்பீர்கள். இல்லை. நானும் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். இருவரும் ஒத்துழைக்கவில்லை.

6

வெள்ளிக்கிழமை காலை அட்டையை வாங்கப் போனார். பாஞ்சாலை துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறையின் ஓரம் முழுக்க, உள் மடிப்புகளில், நிழல் மாறுகிற இடங்களில், ஊசித் துளைகள். இடியாப்பத் தட்டு போல இருந்தது.

கோலத் தட்டில் பொடி தூவுகிற முறைதான். ஓரத்தில் ஊசியால் குத்தி, அடியில் கிராஃப் தாளை வைத்து, கரித்தூளைத் துணியில் முடிந்து மேலே தட்டினால் புள்ளி புள்ளியாகக் கீழே இறங்கும். அப்புறம் கட்டம் கட்டமாக எண்ணி நிரப்பலாம். அவள் தப்பு செய்வதாக நினைக்கவே இல்லை. அந்த வீட்டில் அட்டை என்றாலே ஓட்டை போடுவதற்காக இருப்பது.

ஜெகநாதன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பயந்துவிட்டார், வேறு சொல் இல்லை. திங்கட்கிழமை காலை பெட்டியைப் பேராசிரியர் மேசையில் வைக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாக எண்ணித்தான் வாங்குவார்.

"ஊசி ஓட்டதானுங்க சார். கரண்டி பின்னால தேச்சா மூடிக்கும்."

"மூடாதுங்க."

"அப்ப வேற ஒண்ணு வாங்கிக்கலாம். இன்னாத்துக்கு இப்டி பேஜாராறீங்க?"

கிடைக்காது என்று விளக்கினார். எட்டு மாதம், வெளிநாடு, அனுமதி எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாகச் சொல்ல வேண்டியதையும் சொன்னார். இந்தப் படம் வெளியே போகக்கூடாது. இது புடவையில் வந்தால், பார்த்தவர்கள் யாரையும் இனிமேல் சோதிக்க முடியாது. ஆகவே அந்த கிராஃப் தாளையும் அவள் கொடுத்துவிட வேண்டும்.

பாஞ்சாலை கிராஃப் தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வெளிய போவக் கூடாத படத்த ஏன் சார் வூடு வூடா தூக்கினு வந்தீங்க?"

கையேட்டில் இதற்கும் இடமில்லை.

7

அவளேதான் வழியும் சொன்னாள். தான் கெடுத்ததைத் தானே செய்து தருவதாக. புடவைப் பெட்டி அட்டையை அளவாக வெட்டி, வெள்ளைத் தாள் ஒட்டி, கறுப்புச் சாயத்தைக் கஞ்சியில் கரைத்து, சனிக்கிழமை காலையில் தொடங்கினாள். ஜெகநாதன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தருமன் குழியிலிருந்தபடி, "யம்மா, கரைக்கி ஆளு இல்ல, ஜல்தி வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்கு ஆய்வும் தறியும் மாறி மாறி நடந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஜெகநாதனால் எது எது என்று சொல்ல முடியவில்லை, ஓட்டையைத் தவிர. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று கண்ணில் பட்டது.

"அசல்ல இந்த மூலையில எடது பக்கம் கொஞ்சம் மெலிஞ்சி இருக்கு. நீங்க போட்டதுல ரெண்டும் சமமா இருக்கே."

"அது தப்பு சார். திருத்திட்டேன்."

"தப்பையும் சேத்துப் போடணும்ங்க. அப்பதான் அது இதுவாகும்."

"தெரிஞ்சே தப்பா போட எனக்குக் கை வராது."

எவ்வளவு கெஞ்சியும் அவள் அதைச் செய்யவில்லை. ஓர் இழை மாறினாலே புடவையை மறுத்து அனுப்பும் ஊரில் வளர்ந்த கை அது. கிராஃப் தாளையும் அவள் கொடுக்கவில்லை, அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஆனால் பேராசிரியருக்கு உண்மை தெரிந்தால் அடுத்த ஜீப்பே தருமன் வீட்டு வாசலில்தான் நிற்கும், தாள் கைமாறிவிடும். ஜெகநாதனுக்கும் தெரியும், பாஞ்சாலைக்கும் தெரியும். திங்கட்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவில் இரண்டு நாள் இருந்தது.

8

இப்போது முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று. ஜெகநாதன் துளை விழுந்த அட்டையை மேசையில் வைத்து நடந்ததைச் சொல்லிவிடுகிறார். பேராசிரியர் கோபப்படவில்லை. முகவரி கேட்கிறார். செவ்வாய்க்கிழமை ஜீப் போகிறது. அறிவியலின் பெயரால் ஒரு கிராஃப் தாள் கைப்பற்றப்படுகிறது. பாஞ்சாலை அழுதுவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கரைக்கு இழை கொடுக்கிறாள், அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் இருந்தது. மறுபடி படிக்கப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு. புது அட்டையை வைத்துப் பெட்டியைக் கொடுத்துவிடுகிறார். பேராசிரியர் பத்து எண்ணிப் பெட்டியின் நாடாவைக் கட்டுகிறார். டிசைன் தேறுகிறது. ஜெகநாதனுக்கு வேலை நிரந்தரமாகிறது. அன்றிலிருந்து எங்கள் பல்கலைக்கழகத்தில் உளவியல் சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும், ஏழாவது தடவை, ஆரணிப் பாஞ்சாலை வரைந்த கறையைப் பார்த்துத்தான் தங்கள் மனதைத் திறந்திருக்கிறார்கள். இதில் எல்லாருக்கும் நல்லது நடக்கிறது. நான் பார்த்த உலகத்தில் அப்படி நடப்பதில்லை என்பதால் இதன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

முடிவு மூன்று. ஜெகநாதன் வேலையை உதறிவிட்டு, கொளுத்தும் வெயிலில், திரும்பிப் பாராமல்

(வேண்டாம். அவர் குடை இல்லாமல் வெயிலில் போகமாட்டார்.)

9

எதுவும் சரிவராததால் கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு ஆரணிக்கே போனேன். போன வருடம், 1987இல். பாஞ்சாலை சங்கக் கட்டிடத்தில் சன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த டிசைன் தேறியது, தையில் புடவையாக வந்தது, இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். செய்யாறில் ஒரு கல்யாணத்தில் மூன்று பேர் அதைக் கட்டிக்கொண்டு வந்து ஒருவரை ஒருவர் முறைத்ததாகக் கேள்வி. ஆகவே முடிவு ஒன்று பொய் என்று நீங்கள் சொல்லலாம். அவசரப்படாதீர்கள். சொல்லியும் பேராசிரியர் விட்டிருக்கலாம். ஜீப் பழுதாகியிருக்கலாம். பல்கலைக்கழக ஜீப்பை எனக்குத் தெரியும். அந்த அடிக்குறிப்பும் இரண்டுக்கும் பொருந்தும்: பேராசிரியரே விடைகளை நீக்கியிருக்கலாம், மனசு உறுத்தி ஜெகநாதனே விட்டிருக்கலாம்.

படித்துக் காட்டச் சொன்னாள். பென்சிலைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"நான் அழுதேன்னு எழுதிகிறீங்க. நான் எங்க அழுதேன்?"

"அது முடிவு ஒண்ணுலதாம்மா. கதைக்காக."

"எந்த முடிவுலயும் நான் அழுவல. அழுதது அவுரு. ஞாயித்துக்கெழம, சோறு போட்டு வெச்சிட்டு எங்கம்மா சாப்புடுங்க சார்ன்னாங்க, தட்ட பாத்துகினே அழுவுறாரு. எங்கப்பாவுக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. மோர் ஊத்தச் சொன்னாரு."

மாதக்கணக்காக அந்த மனிதரை எழுதுகிறேன், எனக்கு இது தோன்றவில்லை.

"கடைசியில எந்த அட்டைய எடுத்துகினு போனாரு?" என்று கேட்டேன். அதற்காகத்தானே பேருந்து ஏறி வந்தது.

"ரெண்டையும்தான்."

"ரெண்டையுமா?"

"பொட்டியில ஒம்போது. சட்டைக்குள்ள ரெண்டு. பஸ்ஸு போற வரைக்கும் யோசிக்கிறேம்மான்னாரு. எங்க போயி எதக் குடுத்தாரோ, எனக்குத் தெரியாதுங்க."

"நீங்க கேக்கவே இல்லியா?"

"அப்புறம் அவுரு வரவே இல்ல. செவ்வாக்கெழம முழுக்க ஜீப்பு சத்தம் கேட்டா போதும், தாள சுருட்டி அரிசிப் பானைக்குள்ள வெச்சிடுவேன். ஒரு ஜீப்பு கூட நிக்கல. புதங்கெழம குடுத்துட்டேன்." பென்சிலை மறுபடி தாளில் வைத்தாள். "அவுரு இன்னா சொல்லி இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு நாள் எனக்காக ஒரு ஆளு பயந்துகினு இருந்தாரு. நீங்க அத எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

10

ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். ஜெகநாதன் என் தெருவில்தான் குடியிருக்கிறார். அதே துறையில் இப்போது ரீடர், பேராசிரியருக்கு ஒரு படி கீழே. தினமும் காலையில் பால் பூத்தில் பார்த்துக்கொள்கிறோம். மழை, மின்வெட்டு, பையன் படிப்பு என்று பேசுவோம். பையன் கணக்கில் வாங்கிய மார்க்கை யாராவது ஐம்பது என்று சொன்னால், நாற்பத்தெட்டு என்று திருத்துகிற தகப்பன் அவர். எட்டு வருடப் பழக்கத்தில் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஏழாம் அட்டையைப் பற்றிக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

அதனால்தான் கேட்கவில்லை. அசலைக் கொடுத்தேன் என்று சொன்னால், அரிசிப் பானையும் கையுமாக ஒருத்தி இரண்டு நாள் நின்றபோது அவர் முகவரியைச் சொல்லிவிட்டிருந்தார் என்று ஆகும். அந்த மனிதரோடு நாளைக் காலை பால் வரிசையில் நிற்க எனக்குப் பிடிக்காது. நகலைக் கொடுத்தேன் என்று சொன்னால், எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான ஆளும் கையை விட்டுப் போய்விடுவார். இரண்டில் எதுவாக இருந்தாலும் இழப்பு எனக்குத்தான். இந்த எட்டு மாதத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தெருமுனை பால் பூத், காலை ஆறேகால். வரிசையில் குடையோடு நிற்பவர்தான் ஜெகநாதன், வெயில் வந்திருக்காது, ஆனாலும் குடை இருக்கும். நேராகக் கேளுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார். அவருக்குப் பின்னால் மூன்றாவதாகத் தூக்கு வைத்துக்கொண்டு நிற்பது நான். பதில் கிடைத்ததும் என் பக்கம் திரும்பாமல் போய்விடுங்கள்.